கொடையாளர் 29-சி

"அப்பா வழியில யாருக்காவது இருதயக் கோளாறு?"
டாக்டரின் பேனா காத்திருந்தது.
என்னை முந்திக்கொண்டு அப்பா சொன்னார்:
அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை,
அண்ணனுக்கு ஐம்பத்திரண்டில் அடைப்பு,
சித்தப்பா ஒருவர் தூக்கத்திலேயே போனது.
தன் வீட்டு வியாதிகளை ஒன்றுவிடாமல்
என் பேருக்கு எழுதிவைத்தார்,
பெரம்பூரில் அரை கிரவுண்டும் எழுதிவைத்தவர்.
அந்த அறையில் இருந்த மூவரில்
ஒருவருக்குத்தான் தெரியாது
அது என் ரத்தம் இல்லையென்று.

பதினாறு வயதில் சொன்னார்கள்.
கரண்ட் போன ராத்திரி, அம்மா விசிறிக்கொண்டே.
முகம் தெரியாத நேரமாகப் பார்த்தாளோ என்னவோ.

நுங்கம்பாக்கத்தில் அந்த கிளினிக் இருந்த மாடியில்
இப்போது நீட் கோச்சிங்.
கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்
அங்கே கணக்கெழுதிய புஷ்பராஜ்.
"இருபத்துநாலு வருஷமா? எடைக்குப் போட்டாச்சும்மா."
பிறகு என்ன நினைத்தாரோ,
நீள நோட்டு ஒன்றை எடுத்து
மற்ற வரிகளை உள்ளங்கையால் மூடி
ஒரே ஒரு வரியைக் காட்டினார்.

கொடையாளர் 29-சி.
உயரம் ஐந்து எட்டு. மாநிறம். பட்டதாரி.
குடும்பத்தில் இருதய நோய்: ஒரு கோடு.
இல்லை என்ற கோடா,
கேட்கவில்லை என்ற கோடா.

அதன் கீழே அம்மா, அப்பா, டாக்டர், சாட்சி.
ரகசியம் காப்பதாக
எல்லோரும் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
ரகசியம் நான்.
நான் யாருக்கும் போடவில்லை.

"தத்துப்பிள்ளையா இருந்தா
ஃபைலைக் கேட்க ஒரு மேஜையாவது இருக்கும்டி,
உனக்கு எந்த மேஜைன்னே தெரியல"
என்றாள் சட்டம் படிக்கும் ரெஹானா.
பிறகு நம்பரைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.
பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்,
மூன்று வருஷம் காலேஜ் பாஸில் போன பஸ்.
படியில் தொங்கியிருக்கிறேன்.
நிறுத்தாமல் போனதற்குத் திட்டியிருக்கிறேன்.

அவர் வீட்டுக்கு வர வேண்டாம்.
பேர்கூட வேண்டாம்.
அவருடைய அப்பன் எந்த வயதில்
மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்,
அது போதும்.

பொய். போதாது.
இடது கன்னத்தில் மட்டும் விழும் இந்தக் குழி
எங்கிருந்து புறப்பட்டது என்றும் வேண்டும்.

ராத்திரி ஸ்டாப்பில் டிவிஎஸ் ஃபிஃப்டியோடு அப்பா.
"கிடைச்சுதா?"
"உட்கார இடம் கிடைச்சுது."
அதற்கு மேல் கேட்கவில்லை.
மார்க்கெட் திருப்பத்தில் வண்டி மெதுவானது.
முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:
"நாளைக்கு டாக்டர்கிட்ட திருத்திச் சொல்லிடலாம்மா.
அப்பா வழின்னு இருக்கிற இடத்துல
தெரியாதுன்னு போடச் சொல்லு."