திங்கட்கிழமைக் காற்று

வெள்ளி மாலை நாலு மணிக்கு
காற்றோட்ட இயந்திரத்தை நிறுத்துவது என் வேலை.
ஹெல்சிங்கியில் யாரோ போட்ட கணக்கு,
நகராட்சி அனுப்பிய கடிதம்:
ஆளில்லாத கட்டடத்துக்கு மூச்சு எதற்கு?
மறந்துவிடக்கூடாதென்று சுவிட்சின் மேல்
நானே ஒட்டினேன் ஒரு மஞ்சள் சீட்டு.
நிறுத்தவும். வெய்யோ.

காயானியில் ஜனவரி.
மைனஸ் இருபத்தேழு.
மிதித்தால் பனி பல்லைக் கடிக்கும்.
எழுபத்து மூன்றில் கட்டிய தட்டைக் கூரைப் பள்ளிக்கூடம்
இரண்டு பகல் மூன்று இரவு
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு கிடக்கும்.

திங்கள் காலை
முதல் பாடம் முடிவதற்குள்
எய்னாரிக்கு மூக்கில் ரத்தம்.
கணக்கு டீச்சர் ஹில்க்கா
'பின்னம்' என்ற சொல்லின் பாதியில்
குரலைத் தொலைப்பாள்.
நாலாம் வகுப்பில் பதினோரு பேருக்குத் தலைவலி.
அன்றைக்குப் பரீட்சை,
மூன்று பேரைக் கழித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

எனக்குத் தெரிந்தது குழாய், பூட்டு, பனி வாரும் வண்டி.
ஆனால் மூக்கு இருக்கிறது.
உருளைக்கிழங்கு நிலவறையின் வாசம்
பிளாஸ்டிக் தரைக்கு அடியிலிருந்து வந்தது.
உள்ளேயே இருப்பவர்களுக்கு அது தெரியாது.
வீட்டுக்குப் போய் ஸ்வெட்டரைக் கழற்றும்போது
மனைவிக்குத் தெரியும்.

ஏணி போட்டேன்.
கழிப்பறைக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து
காற்றை உறிஞ்ச வேண்டிய வலையில் வைத்தேன்.
இழுத்தால் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டவில்லை.
ஆடி அசைந்து
அவசரமே இல்லாமல் இறங்கியது.
பத்தொன்பது வகுப்பறைகள்.
பதினாலில் விழுந்தது.
பின்னாலேயே வந்த ஸெல்மா
ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பென்சில் பெட்டியில் வைத்தாள்.
எதற்கு என்றேன்.
சாட்சி, என்றாள்.
ஒன்பது வயது.

ஹில்க்காவின் அறையில்
காற்று உள்ளே வரும் துளையைத் திறந்தேன்.
உள்ளே ஒரு கம்பளிக் காலுறை.
சாம்பல் நிறம், குதிகாலில் சிவப்புப் பட்டை,
சுருட்டி, கரண்டியால் அழுத்தினாற்போல் திணித்திருந்தது.
நேர் கீழே அவள் நாற்காலி.
மூன்று குளிர்காலத்துக்கு முன்னால்
கழுத்தில் குளிர் விழுந்ததாம்.
உதடுகளால் மட்டும் சொன்னாள்,
குரல் இன்னும் திரும்பியிருக்கவில்லை.
இரண்டாவது காலுறை
அவள் வீட்டு அலமாரியில்
மூன்று வருடமாக ஜோடியைத் தேடுகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மஞ்சள் சீட்டுதான் ஞாபகம் வந்தது.
அவள் குளிருக்குப் பயந்தாள்,
நான் கடிதத்துக்கு.
நடுவில் இருபத்திரண்டு பிள்ளைகள்
ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கி
வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளி, நாலு மணி.
சுவிட்சைத் தொடவில்லை.
சீட்டை உரித்து இரண்டாகக் கிழித்தேன்.
பசையில்லாத பாதியில் என் பெயர்.
ஏணியில் ஏறி வலையில் வைத்தேன்.
படக்கென்று பிடித்துக்கொண்டது,
கையை எடுத்த பிறகும்.

ஹில்க்கா இப்போது சால்வை போர்த்திக்கொண்டு பின்னம் சொல்கிறாள்.
எய்னாரிக்கு ரத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.
சுவருக்குள் என்ன இருக்கிறதென்று
பனி உருகியபின் அறுத்துப் பார்ப்பார்களாம்.
நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது,
மின்கட்டணம் பற்றியதாக இருக்கும்.
இன்னும் பிரிக்கவில்லை.
இயந்திர அறையில், மேஜைமேல்,
காற்றில் ஒரு மூலை மட்டும்
எழுந்து எழுந்து படிகிறது.