கண்டறியும் எல்லைக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை தேனீக்கள்.
நாற்பது குப்பிகளில்,
கால் நிறைய மகரந்தத்தோடு உறைந்து கிடந்தன.
புதன்கிழமை தோட்டத்து மண், லெட்டூஸ் கீரை,
ஒரு போத்தல் ஆட்டுப்பால்.
வியாழக்கிழமை பால்பற்கள்.
பள்ளிக்கூடத்திலிருந்து காகித உறைகளில் வந்தன.
நேஷா என்ற சிறுமி தன் உறையில்
'திரும்பத் தரவும்' என்று எழுதி
பல்லுக்குக் காசு வைத்துப்போகும் எலியையும்
பக்கத்தில் வரைந்திருந்தாள், மீசையோடு.

அமிலத்தில் எல்லாம் கரையும்.
சிறகு, இலை, பல்:
கடைசியில் ஒரே நிறமற்ற நீர்.
ஆர்கான் சுடரில் அது அணு அணுவாக உதிரும்போது
யார் என்று இயந்திரம் கேட்பதில்லை.
எத்தனை என்றுதான் கேட்கிறது.
திரையில் இருநூற்றெட்டுக்கு நேரே
ஒரு கூர்முனை எழும்.
ஈயம்.
தேனீயிலும் எழும், கீரையிலும் எழும்.
சுரங்கத்தை மூடியபோது நான் இரண்டாம் வகுப்பு.
ஸ்லோவேனியாவின் இந்த மூலையில்
மலைக்கு அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.

திங்கள்தோறும் போகொமிர் வருவார்.
தேன்பெட்டிகள் அவருடையவை, மண்ணும்தான்.
மாதிரிகளை வைத்துவிட்டுத் தனியே ஒரு பையை நீட்டுவார்:
"இது ஆய்வுக்கு இல்லை. உங்களுக்கு."
நனைந்த செய்தித்தாளில் சுற்றிய ஒரு லெட்டூஸ்.

மறுத்தால்
அறிக்கை வருமுன்னே அறிக்கை சொன்னதாகிவிடும்.
தின்றால், நான் படித்தது எதற்கு?
ஆறு வாரம் நன்றி சொன்னேன்.
ஆறு வாரமும் பாலம் தாண்டியதும்
குப்பைத்தொட்டி.
ஏழாவது வாரம் கை கூசியது.
எல்லோரும் போனபின் ஓர் இலையைக் கிள்ளி
உலர்த்தி, அரைத்து, அமிலத்தில் இட்டேன்.
எண் இல்லாத, பதிவேட்டில் ஏறாத மாதிரி.

முடிவு: கண்டறியும் எல்லைக்குக் கீழே.

மறுபடி ஓட்டினேன். கீழே.
இயந்திரத்தைச் சந்தேகித்து
மீந்திருந்த நேஷாவின் பல்நீரை வைத்துப் பார்த்தேன்.
முனை எழுந்தது, ஊசிபோல.
இயந்திரத்தில் கோளாறில்லை.

(பல்லைத் திருப்பித் தர வழியில்லை.
உறை மட்டும் என் இழுப்பறையில் இருக்கிறது.)

திங்கட்கிழமை வாசலிலேயே அவரை மறித்தேன்.
"உங்கள் கீரை சுத்தம்!
துளி ஈயம் இல்லை!"
குரலில் அத்தனை சந்தோஷம், எனக்கே கேட்டது.
போகொமிர் தொப்பியைக் கழற்றினார்.
அதன் விளிம்பைக் கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அது எங்கள் கீரை இல்லையே அம்மா.
மாரிபோர் கடையில் வாங்குவேன்.
இத்தாலியிலிருந்து வருகிறதாம்.
எங்கள் மண்ணில் விளைந்ததை
உங்களுக்கு எப்படித் தருவேன்?"

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல் என்பார்கள்.
அவர் மெதுவாகத்தான் சொன்னார்:
"எங்களுடையதை
நாங்களே தின்றுகொள்கிறோம்."

பிறகு அந்த வார மாதிரிகளை எண்ணிக் கொடுத்தார்.
பதினான்கு.
ரசீதை இரண்டாக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.