சேகரித்தவர்

சிம்போ காய் விடிவதற்கு முன்னால் வெடிக்கும்,
குருவி வருமுன் நாம் போய்விட வேண்டும் என்று
அய்னா செய்தி அனுப்பியிருந்தாள்.
நாலு மணிக்கே விழித்துக் கிடந்தேன்.
பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு
தோட்டம் கைமாறி ஒன்பது வருஷமாகியும்
கடிகாரத்தை நம்புவதில்லை.

சிலிம் ரிவர், ஆற்றோரம், ஆறு பேர்.
சீனப் பள்ளி வாத்தியார்,
மோட்டார் கடை குணாளன், அவன் மகள்,
மலையிலிருந்து இறங்கி வந்த பா அலாங்.
சம்பளம் கிடையாது.
ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக்.
போன வெள்ளம் கரையைத் தின்றதில்
செம்பனை இரண்டு வரிசை ஆற்றுக்குள் கிடக்கிறது
குப்புற விழுந்த குடிகாரர்கள் மாதிரி.
அங்கேதான் நடப்போகிறார்களாம்
முன்பு அங்கே இருந்ததை.

"முன்பு என்றால் எப்போது?" குணாளன் கேட்டான்.
"செம்பனைக்கு முன்னால்," என்றார் பா அலாங்.
கொஞ்சம் பொறுத்து,
"பால்மரத்துக்கும் முன்னால்."
அதோடு நிறுத்திக்கொண்டார்.
கணக்கு எனக்குப் புரிந்தது.
எங்களுக்கும் முன்னால்.

செண்டுடுக் புதரை என்னிடம் விட்டார்கள்.
ஊதாப் பூ, பிளந்த காய்க்குள் கருநீலக் கூழ்.
இதை எனக்குத் தெரியும்.
பதினாறு வருஷம் முதுகில் தோம்பு சுமந்து
இதன் முகத்தில்தான் மருந்தடித்தேன்.
மறுநாள் இலை சுருளும், தண்டு கருகும்,
இரண்டு மாதத்தில் அதே இடத்தில்
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.
திட்டாத நாளில்லை.

இன்று விரலால் கிள்ளுகிறேன்.
மருந்து தின்று பாதி முளைத்த நகம்
ஊதாவாகிறது.
செடி என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.
"மூன்றில் ஒன்றுதான் அக்கா," என்கிறாள் அய்னா,
"ஒன்று குருவிக்கு, ஒன்று செடிக்கு."
நிறுத்தத் தெரியாமல் தவிக்கிறது கை.
எடை போட்டே கூலி வாங்கிய கைக்கு
பாதி நிரம்பிய பை ஒரு குற்றம்.

வாத்தியார் பழைய அங்பாவ் உறைகள் கொண்டுவந்திருந்தார்.
கூழைக் கழுவி உலர்த்தினால்
கடுகிலும் சிறிய விதை.
ஒரு தும்மல் வந்தால் ஒரு காடு போய்விடும்.

உறைமேல் எழுத வேண்டும்:
செடி. இடம். தேதி. சேகரித்தவர்.
அய்னா பேனாவை நீட்டினாள்.
என் கை பைக்குள் போனது,
சிவப்பு அட்டையைத் தேடி.
எந்தப் பாரமானாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்,
பார்த்துவிட்டு ஓரமாய் உட்காரச் சொல்வார்கள்.
இங்கேயே பிறந்தவள்தான், ஆறாவது லயத்தில், அடைமழையில்;
பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை.

"ஐசி வேண்டாம் அக்கா. பெயர் போதும்."

செங்கமலம் என்று எழுதினேன்.
கடைசி எழுத்து பொன் பூவின்மேல் வழுக்கியது.
குணாளன் மகள் ஊதா நாக்கை நீட்டிக் காட்டினாள்,
குருவியின் பங்கையும் தின்றுவிட்டு.

வீட்டில் சோப்புப் போட்டும் கறை போகவில்லை.
வேலிக்கு வெளியே குத்தகைக்காரனின் ஆள்,
வங்காளதேசத்துப் பையன்,
முதுகில் தோம்போடு கால்வாய் ஓரம் வந்துகொண்டிருந்தான்.
"அந்தப் புதரை விட்டுவிடு," என்றேன் மலாயில்.
ஏன் என்றான்.

தெரிந்த ஆள், என்றேன்.