தெளிக்காத தொட்டிகள்

மூன்றாவது இலை விரிந்த காலையில் தெளித்தோம்.
முப்பது தொட்டி நெல்.
பதினைந்துக்குக் களைக்கொல்லி,
பதினைந்துக்கு வெறும் தண்ணீர்.
மாதவரம் மொட்டைமாடியில் வலைக்கூடாரம்;
கிழக்கே பார்த்தால் மணலியின் புகைபோக்கித் தீ
பகலிலும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
பச்சை அப்படியே. நுனிகூடக் கருகாது.
உள்ளே அதற்குள் ஆணைகள் மாறியாயிற்று:
வெயிலைச் சோறாக்கும் மரபணுக்கள்
ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்க,
விதையிலிருந்தே தூங்கிக் கிடந்த சில எழுந்து
விஷத்தின் கழுத்தில் சீட்டுக் கட்டி
செல்லின் பின்கட்டு அறையில் தள்ளிப் பூட்டுகின்றன.

இலையைக் கிள்ளி திரவ நைட்ரஜனில் போட்டால்
அந்த நிமிஷத்துப் பேச்சு அப்படியே உறைந்துவிடும்.
கல்வத்தில் இட்டு நுணுக்குவது என் வேலை.
"கை வலிக்கலயா?" என்பார் நூருல்லா.
வலிக்கும்.
நிறுத்தினால் உருகிவிடும், அதனால் நிறுத்துவதில்லை.

வீட்டில் தேசப்பனிடம் சொல்லிப் பார்த்தேன்.
அதே மருந்தை டிரம்மில் அடைக்கும் கம்பெனியில்
லோடு ஏற்றுகிறவர்.
"இன்னாமே, செடி சாவுதா பொழைக்குதா,
அத்த சொல்லு."
சாவதா பிழைப்பதா என்று
அது முடிவுசெய்யும் நேரத்தைத்தான் அளக்கிறோம் என்றேன்.
சட்டையைக் கழற்றி பக்கெட்டில் ஊறப்போட்டார்.
அந்தச் சட்டையை
என் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் ஓட்டினோம்.
எது நடந்தாலும் ஏறாத, இறங்காத மரபணு ஒன்றை
அளவுகோலாக வைப்போம்.
அது ஒழுங்காக நின்றது.
மருந்து குடித்த செடியின் கோடு
இருபதாம் சுற்றில் எழும்பியது, எதிர்பார்த்ததுதான்.
தண்ணீர் மட்டும் குடித்தது
முப்பதைத் தாண்டும்வரை தரையிலேயே படுத்திருக்க வேண்டும்.
இருபத்திரண்டில் எழுந்துவிட்டது.

மறுபடி ஓட்டினேன்.
பிப்பெட் மாற்றி, தண்ணீர் மாற்றி, கையுறை மாற்றி.
புதிதாக விதைத்து, மூன்று வாரம் காத்து, மறுபடி.
அதே.

அந்த வாரம் முழுக்கக் கடல்காற்று.
மூலக்கடையில் பஸ் ஏறியவர்கள்
மூக்கைப் பொத்தியிருந்தார்கள்;
அப்புறம் கையை எடுத்துவிட்டார்கள்,
கம்பியைப் பிடிக்க வேண்டுமே.

எர்ணாவூரில் பிறந்து முப்பத்தாறு வருஷம்.
என்னில் ஒரு துளி எடுத்து ஓட்டினால்
எந்தச் சுற்றில் எழும்புவேன்?
ஒப்பிட யாரை நிறுத்துவார்கள்?
எங்கள் தெருவில் ஒருவரும் தேறமாட்டோம்.

மேடம் பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கன்ட்ரோல் கெட்டுப்போச்சு, சகாயமேரி.
இந்த டேட்டாவ எடுத்துடு.
கோயம்புத்தூர்ல வளர்த்துக்கலாம்."
கெட்டது எது என்று கேட்க வாய் வரை வந்தது.
எனக்கு ஆறு மாதக் கான்ட்ராக்ட்,
அதில் நாலு முடிந்திருந்தது.

பதினைந்து தொட்டியும் நன்றாகத்தான் இருந்தன.
விட்டால் கதிர்கூட வாங்கும்.
யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத பச்சை.
வேரோடு பிடுங்கிச் சிவப்புப் பையில் போடவேண்டும்.

ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள்,
அதில் என் கையெழுத்து: தெளிக்காதது.
மார்க்கரைத் திறந்து
அதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தேன்.
நாங்கள் தெளிக்காதது.

எட்டாவது தொட்டியில் மை தீர்ந்துவிட்டது.
மிச்சம் ஏழுக்கும்
நூருல்லாவின் சட்டைப்பை பேனா.