ஒன்பதாம் நம்பர்

ஜே.சி. ரோட்டில் மழை விட்டு
சாக்கடை மட்டும் ஓடிக்கொண்டிருந்த மதியம்
முக்தியார் பாய் ஒரே கோணியின் மேல்
இரண்டு எஞ்சின்களை வைத்தார்.
இரண்டுக்கும் சிவப்பு மூடி. இரண்டுக்கும் வெள்ளைத் தொட்டி.
"இது ஜப்பான்.
இது, ஜப்பான் பேப்பரைப் பாத்து எழுதுன பையன்."
முதலாவது முப்பத்தெட்டாயிரம்.
இரண்டாவது பதினொன்றரை,
பில் வேண்டாமென்றால் பதினொன்று.

போனில் முதலாளி உமாபதி:
"ஒரிஜினலே வாங்கு."
ஒரு நிமிடம் கழித்து மறுபடி:
"எதையாவது வாங்கு. சனிக்கிழமை ஓடணும்."
சனிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து நாற்பது பேர்.
அதில் பாதிப் பேர் வந்து இறங்கியதும் கேட்பது
ஒன்பதாம் நம்பர் வண்டியைத்தான்.
ஹொஸ்கோட்டே ரோட்டில் எங்கள் ட்ராக்கில் பன்னிரண்டு கார்ட்;
அதற்கு மட்டும் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று
யாருக்கும் தெரியாது, எனக்கும்.
போன ஞாயிறு மூன்றாவது வளைவில்
கனெக்டிங் ராடு முறிந்து
எஞ்சினின் விலாவைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.
ஓட்டிய பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மரியாதையாக,
"அண்ணா, ஏதோ விழுந்துடுச்சு" என்றாள்.

கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.
ஜப்பான் ஓரிடத்தில் நின்றது,
யோசித்தது,
பிறகு விட்டுக்கொடுத்தது.
மற்றது யோசிக்கவில்லை; கேட்டதும் வந்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
அட்டையில் குத்தி எடுத்துப்போன நான்கு துளைகள்
இரண்டின் அடியிலும் சரியாக உட்கார்ந்தன.
பையிலிருந்து எங்கள் கிளட்ச்சை எடுத்தேன்.
ஜப்பானின் ஷாஃப்ட் இருபது மில்லி,
கிளட்ச்சின் வாய் பத்தொன்பது சொச்சம்.
நுழையவில்லை.
நகலில் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்
டக்கென்று நின்றது, வீட்டுச் சாவி மாதிரி.

பாய் சிரிக்கவில்லை.
நான் கொண்டுபோன சாக்கிலிருந்து
செத்த எஞ்சினை உருட்டி எடுத்து
டீசல் துணியால் அதன் பக்கத்தைத் தேய்த்தார்.
எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
எழுத்து இல்லை. என்றுமே இருந்ததில்லை;
வார்ப்பிலேயே வழவழப்பு.
"எத்தனை வருஷம் ஓடுச்சு?"
"எட்டு."
"ஒரிஜினல்னு யாரு சொன்னது?"
யாரும் சொல்லவில்லை. வேகமாக ஓடியது,
நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஆபீஸ் மேஜையில் ஒரு சம்பளப் பதிவேடு உண்டு.
என் வரி இப்படி இருக்கும்:
இன்பராஜ், பதிலி, செல்வின் ஊருக்குப் போனதால், நான்கு மாதம்.
நாகர்கோவில் போன செல்வின் திரும்பவில்லை.
ஆறு வருடமாக, மாதாமாதம்,
போன மாதத்து வரியைப் பார்த்து எழுதுகிறார்கள்,
அந்த நான்கு மாதம் உட்பட.
பழைய வாடிக்கையாளர்கள் என்னை செல்வின் என்பார்கள்.
முதலில் திருத்தினேன்.

"பில் போடுங்க பாய்" என்றேன்.
பதினொன்றரை.

வெள்ளி இரவு, ட்ராக் மூடிய பிறகு,
புது எஞ்சினை முதல் இரண்டு மணி நேரம் விரட்டக் கூடாது என்பதால்
நானே உட்கார்ந்து அரை ஆக்சிலேட்டரில் சுற்றினேன்.
டயர்ச் சுவர், லாரி வெளிச்சம், மறுபடி டயர்ச் சுவர்.
ஒரு நாய் குரைத்துக்கொண்டே கூட ஓடிவந்தது,
என் வேகம் பார்த்துச் சலித்து
உட்கார்ந்துவிட்டது.
பத்தரைக்கு ஆயிலை வடித்தேன்.
டார்ச் அடித்தால் தட்டில் மினுமினுவென்று தூள்:
ரிங்கும் சுவரும் முதன்முதலாக உரசி
ஒன்றுக்கொன்று இடம் விட்டதன் மிச்சம்.
விரலால் தொட்டுப் பார்த்தேன். அது போக
இரண்டு முறை சோப்பு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, ஸ்டாப்வாட்ச்சில் கால் நொடி மெதுவு.
வரிசையில் நின்றவர்கள் ஒன்பதைத்தான் கேட்டார்கள்.
பிட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள், "செல்வின்!"
ஸ்பானரைத் தூக்கிக் காட்டினேன்,
இதோ வருகிறேன் என்று.