டோக்கன் இல்லாத நாள்

பங்குனி பிறந்து பத்து நாள்.
தங்கச்சிமடத்தில் விடியலில் கொண்டல்,
பத்து மணிக்குள் கச்சான்.
தட்டியை எந்தப் பக்கம் சாய்ப்பதென்று
எனக்கும் தெரியவில்லை, தக்காளிக்கும் தெரியவில்லை.

கடலுக்குப் போக டோக்கன் இல்லையாம்.
லிகோரி கைலியை மடித்துக் கட்டி
கொல்லையில் வந்து நிற்கிறார்,
கூலி கேட்டு வந்த ஆள் மாதிரி.

கிழிந்த நண்டு வலையைக் கொடுத்தேன்.
பீர்க்கங்கொடிக்குப் பந்தல்.
கடல்காரர் முடிச்சு, புயலுக்கும் அவிழாது;
காய் பறிக்க நான்தான் கத்தி தேட வேண்டும்.

நேற்றைய உப்புச் சாரல்
மிளகாய் இலை ஓரமெல்லாம் கருக்கியிருக்கிறது.
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீரில்
ஒரு செம்பு மொண்டு
இலை இலையாய்க் கழுவினேன்.
"பிள்ளைக்கு மூஞ்சி கழுவுறியா?" என்றார்.
பதில் சொல்லவில்லை. செம்பில் பாதிதான் மிச்சம்.

மல்லிப் பதியனுக்கு ஓலை மூடி முடித்ததும்
நாலு துளி.
ஓடிப்போய் ஓலையை எடுத்தோம்.
ஐந்தாவது துளி வரவேயில்லை.
வெயில்.
மறுபடி மூடினோம்.

சாயங்காலம் காற்று விழுந்தது.
அவர் போனைப் பார்த்தார்,
நான் பந்தலைப் பார்த்தேன்.
வடக்கு மூலையில் இன்னும் இரண்டு கால் பாக்கி.
நாளைக்கு டோக்கன் உண்டாம்.

மாதாவே,
வட்டிக்காரர் வருகிறார், காற்று அடங்கட்டும் என்றுதான்
மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
கடப்பாரையை மட்டும்
உள்ளே எடுத்து வைக்கவில்லை.