இரண்டு பைகள்

கடைக்காசு வேறு, வீட்டுக்காசு வேறு
என்றாள் பயிற்சி தர வந்தவள்.
எல் ஆல்டோ குளிரில்
அவள் பேனா பாதியில் உறைந்தது.

சத்துர்னினா அன்றிரவே
பாவாடைக்குள் இரண்டு பை தைத்தாள்.
இடப்பக்கம்
உறைபனியில் காயவைத்த கிழங்கு விற்ற காசு.
வலப்பக்கம் அவள்.

வியாழன் பின்னிரவு
சின்னவனுக்குக் காய்ச்சல் கொதித்தது.
வலப்பையில் வண்டிக்கூலிக்கே போதாது.
இடதிலிருந்து நாற்பது பொலிவியானோ எடுத்து
நோட்டில் எழுதினாள்:
வாங்கியவள் சத்துர்னினா.
கொடுத்தவள் சத்துர்னினா.
தவணை ஒரு வாரம்.
வட்டி போடவில்லை,
தெரிந்தவள்தானே.

தவணை தாண்டி மூன்றாம் நாள்,
சந்தையில் தராசைத் துடைக்கையில்
பக்கத்துக் கடைக்காரி
சூடாக ஒரு கோப்பை வாங்கச் சொன்னாள்.
குரலைத் தாழ்த்தினாள் சத்துர்னினா:
சும்மா இரு,
கடன்காரி
இங்கேதான் எங்கோ நிற்கிறாள்.